என் வாயில் இன்னொருத்தி பேசினாள்

தட்டில் சோறு பாதி இருக்கும்போதே எழுந்துவிட்டேன். மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய செனாவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேன்டீனில் நடந்தது இது. என் எதிரே உட்கார்ந்திருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, இந்தப் படம் பாத்தீங்களா? வந்தப்போ யாருக்குமே தெரியாம போச்சாம். இப்ப எல்லாரும் பாக்கறாங்க. செம்ம காமெடி லா. இதுல வர்ற ஒரு பொண்ணு அப்படியே ஒங்க ஜாடை."

ஜாடை என்ன ஜாடை, அது நான்தான். பதினேழு வயதில், இரட்டைப் பின்னலோடு, செம்பனைக் காட்டின் நடுவே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். அந்த வாயிலிருந்து வரும் குரல் என்னுடையது இல்லை.

அவள் விடவில்லை. யாரோ அந்தப் படத்தைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்ததை வாசித்தும் காட்டினாள். புகழ்பெற்ற பாட்டுக்குழு ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடும் தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் கதையாம். கண்டுகொள்ளாமல் விடப்பட்ட நல்ல நகைச்சுவைப் படமாம். அந்தப் பிள்ளைகளின் பேச்சு அவ்வளவு இயல்பாம்.

நான் தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டேன். வைக்கவில்லை, போட்டேன். அதன் சத்தத்தில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷமாக அடங்கிக் கிடந்த கோபம் ஒரு வரியில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அன்று வேலை முடியும்வரை நான் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை.

எங்கள் தோட்டம் தம்பினுக்குப் போகிற வழியில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. என் காலத்தில் ரப்பர் முழுக்கப் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் பாதிக்கு ஆளில்லை. அப்பா பழம் ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா தமிழ்ப்பள்ளிக் கேன்டீனில் சமைத்தார். அடுத்த லயத்தில் என் தோழி இருந்தாள். ஒரே வகுப்பு, ஒரே பஸ். நெட்டையாக இருப்பாள். அவள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் ஆறு வீடு தள்ளி நாய் குரைக்கும்.

எங்கள் இருவருக்கும் அந்தப் பாட்டுக்குழுதான் உலகம். கோலாலம்பூரைச் சேர்ந்த நான்கு பையன்கள். நாடு முழுக்க அவர்கள் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அவர்களைப் பிடித்ததற்கு முகம் ஒரு காரணம், பொய் சொல்வானேன். ஆனால் பெரிய காரணம் வேறு. அவர்கள் நாங்கள் பேசுகிற மாதிரியே பாடினார்கள். பாட்டில் நாங்கள் பேச்சின் முடிவில் ஒட்டும் 'லா' வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு 'மோட்டோ' வந்தது, சந்தைக்கு 'பாசார்' வந்தது. அதுவரை பாட்டு என்றால் அது இந்தியாவிலிருந்து வருவது. அதில் வரும் தமிழ் விருந்தாளித் தமிழ். இவர்கள் வந்து எங்கள் வீட்டுக் கொல்லையில் பேசுகிற தமிழை மைக்கில் பேசினார்கள். அதற்காகவே நாங்கள் அவர்கள் பின்னால் ஓடத் தயாராக இருந்தோம்.

ஓடவும் செய்தோம். ஒரு தீபாவளிச் சமயம், சிரம்பானில் லோபாக் பக்கம் ஒரு துணிக்கடையைத் திறந்துவைக்க அவர்கள் வருவதாகச் செய்தி வந்தது. கூடுதல் வகுப்பு இருக்கிறது என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் தம்பினில் பஸ் ஏறினோம். வழியில் பஸ் பழுதாகி நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அவர்களுடைய வெள்ளை வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. மழை. பள்ளிச் சப்பாத்துக் காலோடு வேனுக்குப் பின்னால் ஓடினோம். என் தோழி அவர்களுடைய பெயர்களை ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டே ஓடினாள். சமிக்ஞை விளக்கில் வேன் நின்றது. ஒரு கண்ணாடி இறங்கியது. ஒரு கை வெளியே வந்து அசைந்தது. அவ்வளவுதான். பச்சை விழுந்தது, வேன் போய்விட்டது.

அவள் சாலையோரம் கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்து அழுதாள். துக்கமா சந்தோஷமா என்று எனக்கு விளங்கவில்லை. "நாம கத்துனது அவனுக்கு கேட்டுச்சுடி. கேட்டுத்தானே கைய காட்டுனான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்டது என்று நானும் சொன்னேன். நாங்கள் கத்தியதைக் கேட்டு யாரோ திரும்பிப் பார்த்தது எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

அடுத்த வருஷம் படக்குழு எங்கள் தோட்டத்துக்கு வந்தது. ஆளில்லாத லயம் அவர்களுக்கு வசதியாக இருந்ததாம். இயக்குநருக்கு முப்பது வயது இருக்கும். கோலாலம்பூர்க்காரர். தொப்பியைக் கழற்றாமல், எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார். ஒரு பாட்டுக்குழுவைத் துரத்தும் நான்கு பெண்களைப் பற்றிய கதை என்றார். நடிக்க நான்கு பெண்களைக் கையோடு கூட்டி வந்திருந்தார். முதல் நாளே அதில் இருவருக்கு வாய் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளை போலப் பேசச் சொன்னால் நாடகத்தில் பிச்சைக்காரி பேசுவதுபோல் இழுத்தார்கள். துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் தோழி பொறுக்கமுடியாமல் சிரித்துவிட்டாள்.

"ஏன் சிரிக்கிற? நீ எப்படிச் சொல்லுவ, சொல்லு பாப்போம்" என்றார் இயக்குநர்.

அவள் சொன்னாள். அவர் கைதட்டினார். "இதுதான். இந்தப் பேச்சுத்தான் எனக்கு வேணும். இது இல்லாட்டி இந்தப் படமே இல்ல" என்றார். இதை நான் என் காதால் கேட்டேன். அடுத்த நாள் அந்த இருவரும் ஊர் திரும்பினார்கள். அவர்கள் இடத்தில் நாங்கள் இருவரும் நின்றோம்.

பள்ளி விடுமுறை முழுக்கப் படப்பிடிப்பு. இயக்குநர் எங்களை உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். எந்தப் பாட்டு பிடிக்கும், வீட்டில் என்ன சொல்லித் திட்டுவார்கள், எப்படிப் பொய் சொல்வீர்கள். நாங்கள் முட்டாள்தனமாக எல்லாவற்றையும் கொட்டினோம். லோபாக் மழையையும் சொன்னோம். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அது ஒரு காட்சியாக வந்தது. தம்பினில் ஒரு சாலையை அரைநாள் மறித்து, தண்ணீர் லோரி வைத்து மழை பெய்யவைத்து, வெள்ளை வேன் ஒன்றை ஓடவிட்டார்கள். என் தோழி ஓடினாள். கை அசைந்தது. அவள் கால்வாய் ஓரம் உட்கார்ந்து அழுதாள். நடிக்கவில்லை. 'கட்' சொன்ன பிறகும் அவளால் நிறுத்த முடியவில்லை. உதவி இயக்குநர் துண்டோடு ஓடி வந்தார். அங்கே நின்ற எல்லாருக்கும் முகம் மாறிப்போயிருந்தது.

எனக்கும் ஒரு காட்சி இருந்தது. பொய் சொல்லிவிட்டுப் போனது தெரிந்து படத்து அப்பா திட்டுவார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுதிக் கொடுத்த வசனம் என் வாயில் ஒட்டவேயில்லை. ஐந்தாறு முறை தவறிய பிறகு இயக்குநர், "நீ ஒங்க வீட்டுல எப்படிச் சொல்லுவியோ அப்படியே சொல்லு" என்றார். சொன்னேன்.

"நீங்க டிவியில பந்து பாக்க காப்பிக் கடையில போய் உக்காந்து கத்தறீங்க. மேசைய தட்டறீங்க. தோத்துப்போனா ரெண்டு நாளு யார்கிட்டயும் பேச மாட்டீங்க. ஒங்கள யாரும் பைத்தியம்னு சொல்லல. நாங்க ஒரு பாட்டுக்கு பின்னால ஓடுனா மட்டும் மானம் போவுதா?"

கேமராவுக்குப் பின்னால் என் சொந்த அப்பா நின்றிருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். படக்குழு கைதட்டியது. "இது என் படத்தோட நெஞ்சு" என்றார் இயக்குநர். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவ்வளவு பெருமை.

படம் சிரம்பானில் ஒரு பேரங்காடித் திரையரங்கில் வந்தது. காலை பதினொரு மணிக் காட்சி மட்டும்தான் கிடைத்தது. பள்ளி பஸ் ஒன்றைப் பேசி, தோட்டத்தில் மிச்சமிருந்த எல்லாரும் போனோம். அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டார். நான் அம்மாவுக்கும் தோழிக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

திரையில் நான் வந்ததும் அரங்கமே கத்தியது. அடுத்து நான் பேசினேன். ஒரு முதிர்ந்த பெண்ணின் வழவழப்பான குரல், வானொலி நாடகத்தில் வரும் இந்தியத் தமிழ். என் உதடு 'வா லா' என்று அசைகிறது. சத்தம், 'சீக்கிரம் வாங்கடி, போகலாம்' என்று வருகிறது.

அம்மா என் கையைப் பிடித்தார். "ஏய், இது யாரு பேசறது? அன்னிக்கு ஒனக்கு தொண்ட கட்டியிருந்துச்சா?"

"இல்லம்மா."

"பழைய காலத்து கிராணி வீட்டுப் புள்ள மாதிரி பேசுது."

தோட்டக் கணக்கு எழுதும், நாசூக்காகப் பேசும் கிராணிகளின் பங்களாவில் அம்மா சின்ன வயதில் வேலை செய்தவர். அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். தோழிக்கும் வேறு குரல். அவளுடைய அந்தப் பெரிய தொண்டைக்கு ஒரு கொஞ்சும் பூனைக்குரல் போட்டிருந்தார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பாவோடு பேசும் காட்சி வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். காப்பிக் கடை என்று அசைகின்றன. மேசை என்று அசைகின்றன. குரலோ, "தப்புதான்பா, சின்னப் பிள்ளைங்க, தெரியாமச் செஞ்சிட்டோம். இந்த ஒரு தடவை மன்னிச்சிடுங்கப்பா. இனிமே படிப்புல மட்டும்தான் கவனம்" என்றது. பின்னால் புல்லாங்குழல் வாசித்தது. எனக்குப் பின் வரிசையில் யாரோ, "நல்ல புள்ள" என்றார்கள்.

என் முகத்தை எடுத்துக்கொண்டு, என் நாக்கை அறுத்துப் போட்டுவிட்டு, நான் எதிர்த்துக் கேட்டதையே மன்னிப்பாக மாற்றி என் ஊர்க்காரர்களுக்குக் காட்டுகிறார்கள்.

இதைவிட மோசமானது பிறகு வந்தது. மழை, வெள்ளை வேன், கால்வாய்ச் சுவர். என் தோழி அழுகிறாள். அவள் ஒவ்வொரு முறை விம்மும்போதும் அதன்மேல் வாத்து கத்துவதுபோல் ஒரு ஊதல் சத்தம். குவாக். அவள் முகத்தை நெருக்கத்தில் காட்டுகிறார்கள். குவாக். மூக்கைத் துடைக்கிறாள். குவாக் குவாக். அரங்கம் உருண்டு புரண்டு சிரித்தது. அவளுடைய அண்ணன் முன் வரிசையில் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரு விநாடிதான், சத்தம் வந்த வேகத்தில் வாய் தானாகச் சிரித்துவிட்டது. பக்கத்தில் அவள் இருந்தாள். இருட்டில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் சிரிப்பு அவளுக்குக் கேட்டிருக்கும்.

வெளியே இயக்குநர் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் நின்றேன்.

"எங்க குரல் எங்க?"

அவர் சிரித்தார். "தங்கச்சி, கொஞ்சம் புரிஞ்சுக்கணும். இத இந்தியாவுக்கு விக்கப் போறோம். அங்க உள்ளவங்களுக்கு நம்ம பேச்சு வெளங்காது."

"எங்க பேச்சுக்குத்தானே எங்கள எடுத்தீங்க?"

"ஒங்க முகம் அப்படியே இருக்கே. அத யாரும் மாத்தலியே."

"நான் மன்னிப்பு கேக்கல. நான் சொன்னது வேற. அத ஏன் மாத்துனீங்க?"

"குடும்பத்தோட பாக்கற படம்மா. அப்பாவ எதிர்த்துப் பேசற மாதிரி வச்சா சனங்களுக்கு கோவம் வரும்."

"அவ அழுததுக்கு வாத்து எதுக்கு?"

அவர் இதற்குப் பதில் சொல்வதற்குள் அப்பா என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸில் அப்பா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "மாத்துனதே நல்லது. இவ பேசுனத அப்படியே போட்டிருந்தா வெளிய தல காட்ட முடியாது." அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்பா மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்றுவரை முழுசாகப் போகவில்லை. இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான். கொடுக்கும்போதும் சில நாள் அந்தப் பஸ் நினைவுக்கு வரும்.

படம் நான்கு நாள்தான் ஓடியது. இந்தியாவில் யாரும் வாங்கவில்லை. யாருக்காக எங்கள் குரலைப் பிடுங்கிப் போட்டார்களோ அவர்கள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.

ஆனால் எங்கள் பள்ளி பார்த்திருந்தது. என் தோழி வகுப்புக்குள் நுழைந்தால் கடைசி வரிசையிலிருந்து 'குவாக்' வரும். பஸ் ஏறினால் 'குவாக்'. கடைக்குப் போனால் மோட்டோவில் போகிற பையன்கள் ஹாரன் அடிப்பதற்குப் பதில் வாயால் கத்திவிட்டுப் போவார்கள். ஒருவனை நான் பையால் அடித்தேன். அதற்கு எனக்குத்தான் தண்டனை கிடைத்தது. அதற்குப் பிறகு நானும் ஓய்ந்துவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது. அவள் மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள். வாசலில் நின்று கூப்பிடுவது நின்றது. தமிழ்க்கடையில்கூட மலாய் மொழியில் பேசிச் சாமான் வாங்கினாள். ஐந்தாம் படிவத்தோடு பள்ளி முடிந்ததும் ஜொகூருக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். தீபாவளிக்கு ஒரு வாழ்த்து வரும். நானும் ஒன்று அனுப்புவேன்.

கேன்டீனில் அந்தப் பெண் படத்தைக் காட்டிய சில வாரங்களில், சிரம்பானில் ஒரு சங்கம் அந்தப் படத்தைத் திரையிடுவதாகவும் இயக்குநர் நேரில் வந்து பேசுவதாகவும் விளம்பரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மோட்டோவை எடுத்துக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். மழைக் காட்சி வந்தது. அந்தப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் நகத்தால் நாற்காலியின் ஓரத்தைப் பிராண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படம் முடிந்து இயக்குநர் மேடையேறினார். தாடி நரைத்திருந்தது. தொப்பி மட்டும் மாறவில்லை.

"நம்ம மண்ணோட பேச்சு, அந்தத் தோட்டத்துப் பிள்ளைங்களோட பேச்சு, அதுதான் இந்தப் படத்தோட உயிர்" என்றார்.

நான் எழுந்தேன். ஒலிவாங்கி கொண்டு வரும்வரை காத்திருக்கவில்லை.

"அந்தப் பேச்சு எங்களோடது இல்ல சார். வேற ஆளு பேசுனது."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. உடனே முகமெல்லாம் சிரிப்பு. "அட! எல்லாரும் கைதட்டுங்க. நம்ம படத்து நாயகி வந்திருக்காங்க. மேல வாங்கம்மா."

கைதட்டினார்கள்.

"நான் மேல வரல. எங்க குரல எடுத்துட்டு வேற குரல் போட்டீங்க. நான் சொன்னத மாத்தி மன்னிப்பு கேக்க வச்சீங்க. இப்ப இயல்பான பேச்சுன்னு நீங்களே சொல்றீங்க. எங்க சொந்தக் குரல் எங்க இருக்கு? அத வச்சிருக்கீங்களா?"

அவர் ஒலிவாங்கியைக் கை மாற்றிப் பிடித்தார். "அதெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்ல இருந்துச்சும்மா. அது எப்பவோ கெட்டுப்போச்சு. அந்தக் காலத்துல நமக்கு வசதி இல்ல. என்ன பண்றது?"

"நான் அன்னிக்கு என்ன சொன்னேன்னு இவங்களுக்குச் சொல்லவா?"

சொன்னேன். காப்பிக் கடை, மேசை, மானம், எல்லாம். நடுவில் ஒரு இடத்தில் வாய் தடுக்கியது. ஆனாலும் முடித்தேன். முன்வரிசைப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் திரும்பி என்னையே பார்த்தார்கள். நிகழ்ச்சி நடத்தியவர், "ரொம்ப நன்றிங்க, நேரமாயிருச்சு, அடுத்த கேள்வி" என்றார். அடுத்த கேள்வி கேட்டவர், படத்தை எந்தக் கேமராவில் எடுத்தீர்கள் என்று கேட்டார்.

நான் வெளியே வந்துவிட்டேன். படிக்கட்டுப் பக்கம் தேநீர் வைத்திருந்தார்கள். அங்கே நிற்கும்போது பின்னாலிருந்து, "தங்கச்சி, ஒரு நிமிஷம்" என்று ஒரு குரல் வந்தது. முகத்தைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக நான் வெறுக்கும் குரல் அது.

ஐம்பது வயதைத் தாண்டியவர். சாதாரணப் பருத்திப் புடவை, கையில் குடை. "நான்தான் ஒங்களுக்குப் பேசுனது" என்றார். "உள்ள நீங்க கேட்டதக் கேட்டேன். எனக்கும் இங்க அழைப்பெல்லாம் இல்ல. பக்கத்துக் குடியிருப்புத் தாமான்லதான் வீடு. விளம்பரத்தப் பாத்துட்டு வந்தேன். படத்துல என் பேரும் போடல."

இவரைத் திட்டத்தான் வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றியது. திட்டினால் அது வேறு யாருக்கோ போக வேண்டிய திட்டு என்றும் தெரிந்தது.

"ஒலிப்பதிவு நல்லா வரல, அதனாலதான் மாத்தறோம்னு என்கிட்ட சொன்னாங்க. ஆனா வாயசைவுக்குப் பேசணும்னா மொதல்ல ஒங்க குரல காதுல கேப்போம். ஒண்ணும் கெட்டுப்போகல. சுத்தமா இருந்துச்சு. அந்த அப்பா காட்சியில நீங்க பேசுனத மூணு தடவ போடச் சொல்லிக் கேட்டேன். இத ஏன் மாத்தணும்னு கேட்டதுக்கு, எழுதியிருக்கறதப் படிங்கன்னு சொல்லிட்டாங்க. படிச்சேன்." குடையைத் தரையில் ஊன்றினார். "படிச்சிருக்கக் கூடாது."

"என் கூட்டாளிக்கும் நீங்கதான் பேசுனீங்களா?"

"இல்ல, அது வேற பொண்ணு. ஆனா ஒண்ணு சொல்றேன். மழையில அந்தப் பொண்ணு அழுறது இருக்கு பாருங்க, அதுக்கு யாரும் குரல் குடுக்கல. அவ்வளவு அழுகைய எங்களால அழ முடியல. அது அவங்க அழுததேதான். அதுமேலதான் அந்தச் சத்தத்தப் போட்டாங்க."

அவர் என் கையைத் தொட வந்தார். நான் கையைக் கொடுக்கவில்லை. அவரும் வற்புறுத்தாமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். ஊதலுக்கு அடியில், இரண்டு ஊதலுக்கு நடுவில், அவள் இருந்தாள். லோபாக்கில் கேட்ட அதே கரகரத்த விம்மல்.

எனக்கு என்னவோ ஒரு பொருள் கிடைத்துவிட்டதுபோல் இருந்தது. உடனே ஜொகூருக்கு அழைத்தேன். வருஷக்கணக்கில் வாழ்த்து அனுப்பியதோடு சரி. குரலில் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. மண்டபத்தில் நடந்ததைச் சொன்னேன். கடைசியாக, "ஒரு விஷயம் தெரியுமா? நீ அழுதது மட்டும் ஒன் சொந்தக் குரலாம். அத மட்டும் அவங்க எடுக்கல" என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்த என் மூளையை எதனால் அடிப்பது?

"ஒனக்கு இப்பதான் தெரியுமா?" என்றாள்.

"ஆமா. இன்னிக்குத்தான் அந்தம்மா சொன்னாங்க."

"எனக்கு அன்னிக்கே தெரியும். என் அழுக எனக்குத் தெரியாதா? படத்துல பேசறப்ப எல்லாம் யாரோ பேசறா. சரி, யாரோன்னு விட்டுட்டு உக்காந்திருந்தேன். அழறப்ப மட்டும் நான் வந்தேன். அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள், "அத விடு லா" என்றாள். சொன்ன விதத்தில் அவள் விடவில்லை என்று தெரிந்தது.

"நீ அவன்கிட்ட போயி குரல கேட்ட, பேச்ச கேட்ட. எனக்கு அதெல்லாம் வேணாம். என் மகளுக்கு எட்டு வயசு. அவ கூட்டாளிங்க எல்லாம் இப்ப போன்ல இத பாக்குதுங்க. அந்த வாத்த எடுக்கச் சொல்லு. நான் அழுதுட்டுப் போறேன். அழுதா அழுத மாதிரி இருக்கட்டும்."

அன்றைக்கே இயக்குநருக்கு எழுதினேன். படம் இப்போது இணையத்தில் அவர் கையில்தான் இருக்கிறது. இப்போதுள்ள மென்பொருளில் ஒரு சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுவது பெரிய வேலை இல்லை என்று எனக்கே தெரியும். அவள் பிள்ளையைப் பற்றியும் எழுதினேன். கெஞ்சித்தான் எழுதினேன், கோபத்தை ஒரு வரியில்கூடக் காட்டவில்லை. நான்காம் நாள் பதில் வந்தது. நலம் விசாரித்திருந்தார். மண்டபத்தில் நான் பேசியது தன்னைச் சிந்திக்க வைத்ததாக எழுதியிருந்தார். பிறகு: 'சனங்க அதிகமா சிரிக்கறதே அந்தக் காட்சிக்குத்தான்மா. அத எடுத்துட்டா படத்துல என்ன இருக்கு?' கடைசியில் ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம்.

மூன்று கடிதம் எழுதிவிட்டேன். கடைசி இரண்டுக்கும் பதில் இல்லை. நான்காவதை எழுத உட்கார்ந்தேன். இந்த முறை கெஞ்ச வரவில்லை. அவருக்கென்று எழுதத் தொடங்கியதுதான் இவ்வளவு நீண்டுவிட்டது. அவருக்கு மட்டும் அனுப்பினால் அங்கேயே கிடந்து செத்துவிடும் என்பதால் இணையத்தில் எல்லாரும் படிக்க இங்கே போடுகிறேன்.